நாக்கடியில் ஒரு வேட்டு

1913 ஆகஸ்ட் 3

இன்றும் அந்த வலி. போடி கடைவீதியில் நடக்கும்போதே நெஞ்சின்மேல் யாரோ மூட்டையை இறக்கிவைத்தது போல இருந்தது. இடது கை வரை இழுத்தது. நின்றால் போய்விடுகிறது. வாயு என்று நானே முடிவுகட்டி இரண்டு மாதம் சுக்குக் கஷாயம் குடித்தேன். வாயு போயிற்று. வலி அப்படியே இருக்கிறது.

கடைசியில் டாக்டர் கன்னையனிடம் போனேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். காதில் குழாயை மாட்டியதும் செத்துப்போன என் மாமனார் போல முகத்தை வைத்துக்கொள்கிறார். இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் குறுகிவிட்டதாம். சின்னஞ்சிறு மாத்திரைகள் ஒரு புட்டி கொடுத்தார். வலி வந்தால் உட்கார்ந்துகொண்டு ஒன்றை நாக்கடியில் வைக்க வேண்டும். மலையேறுமுன் ஒன்று வைத்தால் வலி வராமலே தடுக்குமாம். “மூடிய இறுக்கி வைங்கண்ணே. சூடு பட்டா வீணாயிரும்” என்றார்.

எதில் செய்தது என்று கேட்டேன். மலையேறும் மெட்டுப் பாதையில் பாறையைப் பிளக்க வைக்கிற வேட்டு இருக்கிறதே, அதே சரக்குதானாம்! என் நெஞ்சு கல் என்று ஊரார் சொல்வது டாக்டர் காதுக்கும் போயிருக்கிறது போலும்.

ஆகஸ்ட் 5

முந்தல் மலையடிவாரத்தில் ஒன்று போட்டேன். நாக்கு சுறுசுறுவென்று எரிந்தது, தலை கிண்கிண் என்று இடித்தது. ஆனால் வலி வரவில்லை. மேலே எங்கள் ஏலத்தோட்டம் வரை என் காலாலேயே ஏறினேன். டோலியில் வருவேன் என்று காத்திருந்த கங்காணி முனியசாமிக்கு ஏமாற்றம்.

ஆகஸ்ட் 6

காய் எடுப்பு முடியும் வரை இனி மலைவாசம்தான். என் வீட்டுக்காரி சுந்தரம்மாள் புட்டியைப் பிடுங்கித் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டாள். தினம் காலையில் அவளே ஒன்று எடுத்துத் தருவாளாம், வலிக்கென்று மூன்றைத் தாளில் மடித்து என் மடியில் கட்டுவாளாம். என்ன மருந்து என்றாள். சீமை மாத்திரை என்றேன். வேட்டு என்று சொன்னால் புட்டியோடு என்னையும் வெளியே வைத்துவிடுவாள். வேறு எதையும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19

மழை. செருப்பு முதல் பஞ்சாங்கம் வரை பூசணம்.

ஆகஸ்ட் 26

ஒரு வாரமாக மாத்திரை எரிவதில்லை, தலையும் இடிப்பதில்லை. உடம்பு பழகிவிட்டது. கன்னையன் இவ்வளவு காலம் படித்ததை நான் மூன்று வாரத்தில் படித்துவிட்டேன்.

செப்டம்பர் 2

மேட்டுச்சரிவில் வலி. உட்கார்ந்தேன். ஒன்று. அப்புறம் ஒன்று. மூன்றாவதும். ஒன்றும் கேட்கவில்லை — இப்படியா போவேன்? இந்தச் சேற்றிலா?

செப்டம்பர் 5

போகவில்லை. கையில் பேனா நிற்கிறது.

முனியசாமியும் மூன்று ஆட்களும் கம்பளியில் தூளி கட்டிப் போடிக்கு இறக்கினார்கள்; புட்டியோடு சுந்தரம்மாளும் கூடவே வந்தாள். வழியெல்லாம் வலி விட்டுவிட்டு வந்தது. கன்னையன் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியைக் கைக்குட்டைக்குள் வைத்து நெரித்து மூக்கில் பிடித்தார். அழுகிய பழ வாடை, முகமெல்லாம் தீ. கொஞ்ச நேரத்தில் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. அழுதேன். எழுதத்தான் வெட்கம், அழும்போது இல்லை.

டாக்டர் வெளியே போனதும் சுந்தரம்மாள் என் காதருகே குனிந்து சொன்னாள்: “நான் எம்புட்டுப் பக்குவமா வச்சிருந்தேன்! இந்த மழைக்கு நமத்துப்போகும்னு, தெனமும் நம்ம ஸ்டோர்ல கொண்டுபோயி, காய் காயிற தட்டுலயே பரப்பி வச்சு எடுத்தேனே. அப்படியும் கேக்கலையே!”

ஏலக்காய் உலர்த்துகிற அந்த அறை இரவும் பகலும் விறகு எரிந்து கனன்றுகொண்டே இருக்கும். முப்பது வருஷமாக எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது: ஈரம் கெடுக்கும், சூடு காக்கும். மூடி, சூடு என்று டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்லாதவன் யார்? இந்தப் பெரிய மனுஷன்தான். ஆனாலும் அவளைக் குத்துகிற பதில் என்னிடம் தயாராக இருந்தது. அவள் ஆயுசுக்கும் மறக்காத பதில்.

கன்னையன் திரும்பி வந்து மிச்சமிருந்த மாத்திரை ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தார். “சப்புன்னு இருக்கே. எங்க வச்சிருந்தீக?”

அவள் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். “கப்பல்லயே கெட்டு வந்திருக்கும் டாக்டரே.”

அவர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “ஆமாண்ணே, இருக்கும்” என்றார். புதுப் புட்டியை அவள் கையில் கொடுத்து, “மதினி, இது வேற சரக்கு. மூடியத் தெறந்து போடாதீக, அனல் பக்கமே கொண்டுபோகாதீக” என்றார்.

செப்டம்பர் 20

இந்த வருஷம் நான் மலையேறக் கூடாதாம். நாளை சுந்தரம்மாள் போகிறாள், காய் எடுப்பை அவளே பார்ப்பாள். முனியசாமிக்கு நல்ல காலம் முடிந்தது.

மூட்டை கட்டிக்கொண்டே கப்பல்காரனை அரை மணி நேரம் திட்டினாள். இரண்டு வாரமாகத் தெருவில் ஒருத்தரை விடாமல் இதையே சொல்லிவருகிறாள். “பாவிப்பய, ஒரு மாத்திரையப் பக்குவமாக் கொண்டாரத் துப்பில்ல. எம்புருசன் உசுருல்ல போகப் பாத்துச்சு!”

“ஆமா” என்றேன். முப்பது வருஷத்தில் அவள் பேச்சுக்கு நான் சொன்ன முதல் ஆமா.

கட்டிக்கொண்டிருந்த மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“ஏங்க, மறுபடியும் நெஞ்சு வலிக்குதா?”