மூன்று மஞ்சள் அலைகள்

மனுரேவா, ஆக்லாந்து, 1996

என் வண்ணத் தம்பி மாணிக்கத்துக்கு,

நீ போய்ச் சேர்ந்தபின், நீ வரைந்த ஒன்பது பலகைகளும் இங்கே சமூக மண்டபத்தில் தொங்குகின்றன. சிவப்பு மீன், நீலப் படகு, ஊதாக் கதவு, எல்லாம். கீழே ஒரு சீட்டு: ‘கரீபியன் நாட்டுப்புறக் கலை. வரைந்தவர்: தெரியவில்லை.’

தெரியவில்லையா? கப்பல் வேலையில் காலொடிந்து இறங்கி, ஒரு கரீபியன் மீனவர் கிராமத்தில் எட்டு வருடம் படகுக்கும் கதவுக்கும் வண்ணம் தீட்டியவன் நீ. பிறகு இங்கே வந்து, பக்கத்து மங்கரேயில் சரக்கு ஏற்றி, சனிக்கிழமைகளில் கராஜில் இவற்றை வரைந்தாய். உன் வீட்டுக் கிளிப்பச்சை வேலி என்றால் நம் தெருவில் யாருக்குத் தெரியாது?

கண்காட்சிக்குப் பொறுப்பாக இருந்த பெண்ணிடம் மெல்லக் கேட்டேன்.

“அங்கிள், நீங்க குடுத்த லிஸ்ட்டப் பாத்துதான் அடிச்சோம்.”

எடுத்துக் காட்டினாள். என் கையெழுத்து. இலக்கம், நீளம், அகலம், பெயின்ட் வகை. கோடு பிசகாத கட்டங்கள். பெயருக்கு மட்டும் கட்டமில்லை.

நினைவிருக்கிறதா? “கையெழுத்து எங்கே தம்பி?” என்று ஒருநாள் கேட்டேன். நீ சிரித்தாய். “அண்ணே, அந்தக் கிராமத்துல யாரும் பேர் எழுத மாட்டாங்க லா. பலகை ஓரத்தப் பாத்தாலே ஆள் தெரிஞ்சிரும். மூணு மஞ்ச அலை இருந்தா அது நான். பேர் எழுதினா, உன் ஓரம் அவ்ளோ மோசமான்னு கிண்டல் பண்ணுவாங்க.”

உன் பேச்சை மதிப்பதாக நினைத்தே கட்டம் போடவில்லை. ஆக்லாந்தில் அந்த அலைகளை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே? அது ஏன் எனக்கு உறைக்கவில்லை? உன்னை அநாமதேயமாக்கியது என் ஒழுங்குதானா?

அந்தப் பெண் ஆறுதலாகச் சொன்னாள்: “விடுங்க அங்கிள். நாட்டுப்புறக் கலைன்னாலே பேர் இருக்காதுல்ல?”

அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டது.

“இருக்குது பிள்ளை! அந்த ஊருக்கே தெரியும். தெரியாதது எங்களுக்குத்தான். எங்கட அறியாமையை அவன்ர தலையில ஏன் எழுதுறியள்?”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. எழுபத்தொரு வயதில் முதல்முறையாகச் சத்தம் போட்டிருக்கிறேன்.

சீட்டை மாற்றக் கண்காட்சிக் குழு கூட வேண்டுமாம். கூடட்டும். உன் பலகைகளில் நான் பெயர் எழுத மாட்டேன். அது உனக்கு அவமானம். பட்டியலில் புதிதாக ஒரு கட்டம் வரைந்து, மூன்று அலைகள் போட்டு, பக்கத்தில் ‘மாணிக்கம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சீட்டு மாறும்வரை நாளும் மண்டபம் திறக்கும்போதே போய் உன் பலகைகளருகில் உட்காருவேன். வருகிறவர்களுக்கு ஓரத்தைக் காட்டி உன் பெயரைச் சொல்வேன். கேட்காதவர்களுக்கும்.

நீ ‘அண்ணே’ என்று கூப்பிட்டதால் அண்ணனான,
சிவகுரு