தெருநாய் கொடுத்த பால்

இன்று காலை, வீட்டு நாய் போட்ட குட்டியை மூக்கருகே தூக்கினேன். பாலும் ஈரமும் கலந்த அந்த வாசம். உடனே உனக்குப் போன் செய்யக் கை போனது. நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது.

ராஜபாளையம் மாட்டாஸ்பத்திரிக்கு நீ டாக்டராக வந்த புதிதில், என் வெள்ளை நாய் பாம்பு கடித்துச் செத்தது. அதன் கண் திறக்காத குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுத்தேன். கழிச்சல் கண்டு இரண்டு செத்தன. மிச்சமிருந்த மூன்றுக்கும் ஆன்டிபயாடிக் கேட்டு உன் முன்னால் அழுதேன். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள் நீ, அதட்டினாய்.

"செத்த நேரம் அழுகைய நிறுத்துட்டி. தேவையில்லாம மருந்து குடுத்தா குடல்ல இருக்க நல்ல கிருமியும் சேந்து சாகும். எது பகை, எது உறவுன்னு குட்டி உடம்புக்குப் பழக்கிவிடுறதே அதுகதான். தாய் நக்கணும், மடியில குடிக்கணும். அப்பத்தான் அந்த நல்ல கிருமி குட்டிக்கு வந்து சேரும்."

அன்றே ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து, குட்டிகளைப் பறிகொடுத்த ஒரு தெருநாயை ஆட்டோவில் கொண்டுவந்தாய். முதலில் உறுமியது. அது படுத்த சாக்கால் என் குட்டிகளைத் துடைத்து அருகில் விட்டாய். முகர்ந்தது. பிறகு நக்கத் தொடங்கியது. மூன்றும் பிழைத்தன. ஒன்றை நீயே வளர்த்தாய்.

சில வருடங்களில் உனக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. சிகிச்சையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி கரைந்தது. நாய்ப் பக்கமே போகக்கூடாது என்றார்கள். உன் வீட்டின் மூடிய ஜன்னலுக்கு வெளியே உன் நாயைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். உள்ளே இருந்து போனில் பேசினாய்.

"எம்புட்டுப் பேருக்கு வகுப்பெடுத்தேன். இப்ப என் உடம்புக்கே பகையும் தெரியல, உறவும் தெரியல. குட்டி மாதிரி முதல்ல இருந்து படிக்கணும்போல."

படிக்க நேரம் கிடைக்கவில்லை. மற்றவர்களை ஒன்றும் செய்யாத ஏதோ ஒரு கிருமி காய்ச்சலாக வந்து உன்னைக் கொண்டுபோனது.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்து கிடத்தியபோது நாயை அவிழ்த்துவிட்டேன். இனித் தடுக்கக் காரணம் இல்லை. அது உன் விரல்களை ஒவ்வொன்றாக நக்கியது. உன் அம்மா, "விடுங்க, அது ஆசை தீரட்டும்" என்றார்கள்.

தாயில்லாக் குட்டி என்று வத்திராயிருப்பிலிருந்து யாராவது அழைத்தால், பால் மடியுள்ள நாயைத் தேடி இப்போது நான் போகிறேன். உன் நாய் என்னிடம்தான் இருக்கிறது. அது என் கையை நக்கினால், உடனே எழுந்துபோய்க் கழுவுவதில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கிறேன்.