பிரிக்காத பொட்டலம்

மாமு,

முந்தாநாள் உன் தகர டப்பாவைத் திறந்தேன். திறந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அடப்பாவி, நீயா இப்படி?

நீ போய்ச் சேர்ந்து காரியமெல்லாம் முடிந்ததும் உன் சம்சாரம் உன் வெல்டிங் பையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். "நீயே வெச்சிக்கோண்ணா, வூட்ல இதப் பாத்துகினு இருக்க முடில" என்றாள். டீ கிளாஸைக் கையில் பிடித்தபடியே சாய்ந்தவன் நீ. அதையே என்னால் இன்னும் நம்ப முடியவில்லை, உன் பையைக் குடைய மனசு எங்கே வரும்? பரண் மேல் போட்டு வைத்தேன்.

முந்தாநாள் இறக்க வேண்டியதாகிவிட்டது. அன்று காலை கன்டெய்னர் யார்டு கேட் மெஷினில் என் அடையாள அட்டையை வைத்தால் சத்தமே வரவில்லை. பேன்ட்டில் துடைத்து மறுபடியும் வைத்தேன். செக்யூரிட்டி கிட்டே வந்து மெதுவாக, "அண்ணே, உங்க பேரு இன்னியிலேர்ந்து இல்லன்றாங்க" என்றான்.

"இன்னாடா சொல்ற? நேத்து சாயந்தரம் கூட நாலு கன்டெய்னர் பொட்டிக்கு வெல்டிங் அடிச்சிக் குடுத்துட்டுதானே போனேன்?"

"எனக்கு இன்னாண்ணா தெரியும்? காண்ட்ராக்ட் மாறிடுச்சாம்."

சூப்பர்வைசர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். என் சாமானெல்லாம் யார்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. கூலி வேலைக்குப் போவதென்றாலும் கையில் ஏதாவது வேண்டுமே என்றுதான் உன் பையை இறக்கினேன். முகக் கண்ணாடி, சுத்தியல், கருகின கையுறை, எல்லாவற்றுக்கும் அடியில் அந்த டப்பா. உள்ளே காலண்டர் தாளில் மடித்த ஒரு பொட்டலம், செம்பு இழையால் கட்டியது. வெல்டிங் கேபிளை அறுத்தால் மயிர் மயிராக வருமே, அந்த இழை. பார்த்ததுமே எந்தப் பொட்டலம் என்று தெரிந்துவிட்டது. பிரித்தேன். குங்குமம்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நம் பைப் கம்பெனி மூடினது ஞாபகம் இருக்கிறதா? ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனோம். லீவு கழிந்து வந்தால் கேட்டில் பூட்டு. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ மட்டும்தான் பேசினாய். "அவ காட்டுவா மாமு. நீ வா, டீ சாப்பிடலாம்." அவள் என்றால் கடலோரத்து அம்மன். உனக்கு எதற்கெடுத்தாலும் அவள்தான்.

எனக்கு அப்போது ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போகிற பைத்தியம் பிடித்திருந்தது. என் சம்சாரம் பரிமளா மாசமாக இருந்தாள், "போவாத" என்று அழுதாள். நீயும் சொல்லிப் பார்த்தாய். எவன் பேச்சையும் கேட்கிற நிலையில் நான் இல்லை. கடைசியில் நீதான், "சரி நைனா, எங்க பேச்சு வேணாம். அவகிட்டயே கேட்டுடலாம், அவ சொன்னா கேப்பியா?" என்றாய். கேட்பேன் என்றேன். திருநீறு வந்தால் ஷார்ஜா, குங்குமம் வந்தால் இங்கேயே. பொட்டலம் இரண்டையும் செம்பு இழையால் நீதான் கட்டினாய். பூசாரி அம்மன் காலடியில் வைத்துத் தட்டில் நீட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். குங்குமம்.

"ஆச்சா? அவ சொல்ட்டா. இனிமே வாயத் தொறக்காத" என்றாய். நான் மற்றதைப் பிரிக்கக் கை நீட்டியபோது வெடுக்கென்று பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். "சாமி வேணான்னு சொன்னதப் பிரிக்கக் கூடாது மாமு. கடல்ல போட்டுட்றேன்."

நம்பினேனே, இரண்டிலுமே குங்குமம்தான் என்று தெரியாமல்! அந்த ஒரு சிட்டிகைக் குங்குமத்தை வைத்துத்தானே இத்தனை வருஷம் வாழ்ந்தேன். அப்போது ஷார்ஜா போனவனெல்லாம் மீஞ்சூரில் மாடி வீடு கட்டினபோதும், "நமக்கு அவ வேற வெச்சிகீறா" என்று சொல்லிக்கொண்டேன். பரிமளாவுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போனதே, நீ ஆட்டோவை விரட்ட நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோமே, என் ரத்தம்தானே அவளுக்கு ஏறியது. அன்றைக்கு அந்த வராந்தாவில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியாடா, இதுக்குத்தான் அவ என்ன நிறுத்தி வெச்சா" என்று அழுதேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எப்படியடா மனசு வந்தது உனக்கு, அப்போதும் சொல்லாமல் இருக்க?

நேற்று முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். பரிமளாவுக்காகச் செய்தாயா, உன் தோஸ்து உன்னை விட்டுப் போய்விடக் கூடாதென்று செய்தாயா? கடலில் போடுகிறேன் என்றவன் ஏன் பத்திரப்படுத்தி வைத்தாய்? கேட்க ஆள் இல்லை. அம்மன் சொல்லவே இல்லை, நீதான் சொன்னாய் என்றால், இனிமேல் நான் யாரிடம் போய்க் கேட்பது? வேலை போனதுகூட அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை மாமு. இதுதான் தாங்கவில்லை.

இதற்கு நடுவில் நம் பழைய கம்பெனி ஆள் ஒருவன் போன் செய்தான். குஜராத்தில் துறைமுக வேலை, உடனே கிளம்ப முடியுமா என்கிறான். இல்லையென்றால் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தினக்கூலிக்குத் தகடு வெட்டலாம். பெண் காலேஜில் சேரப் போகிறாள். இந்த வயசில் ஊர் விட்டுப் போக எனக்குப் பயம், அதை வெளியே சொல்லவும் வெட்கம். முகட்டைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தேன். பொட்டலத்தைப் பற்றிப் பரிமளாவிடம் மூச்சு விடவில்லை.

இன்று காலை அவளே வந்து எழுப்பினாள். "சும்மா யோசிச்சிகினே கெடந்தா ஆச்சா? எழுந்து குளி. அன்னிக்குக் கேட்ட மாறியே அம்மாகிட்ட கேட்டுடலாம். துண்ணூறு வந்தா போ, குங்குமம் வந்தா இரு."

சமையல்கட்டில் உட்கார்ந்து பொட்டலம் மடித்தாள். தட்டை என்னிடம் கொடுக்கும்போதுதான் அவள் விரலைப் பார்த்தேன். பத்து விரலிலும் திருநீறு. பொட்டு அளவுக்குக்கூடச் சிவப்பு இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்குப் போகாதே என்று அழுதவள்! வழியெல்லாம் அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என் பயம் எனக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பூசாரி தட்டை நீட்டினார். கையை நீட்டும் முன்னால் அம்மன் முகத்தைப் பார்த்தேன். தாயே, அன்றைக்கும் உன்னைத்தான் கேட்டேன், இன்றைக்கும் உன்னைத்தான் கேட்கிறேன், யாரைக் கொண்டு சொல்கிறாய் என்பது உன் இஷ்டம் என்று வேண்டிக்கொண்டேன். நிஜமாகவே வேண்டினேன் மாமு, நடிக்கவில்லை. எடுத்தேன். திருநீறு.

பரிமளா அதை என் நெற்றியில் பூசினாள். பூசாரி சும்மா இருக்காமல், "இதுல இன்னா கீதுன்னு பாக்கலாமா?" என்று மற்றதை எடுத்தார். அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

"சாமி வேணான்னு சொன்னதப் பிரிக்கக் கூடாது பூசாரி. கடல்ல போட்டுட்றேன்."

என் வாயில் உன் பேச்சு. பரிமளாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடலோரம் போனேன். கல் மேல் ஏறி, எறியலாம் என்று கையை ஓங்கினேன். முடியவில்லை. ரொம்ப நேரம் அப்படியே நின்றேன். நீயும் அன்றைக்கு இங்கேதான் நின்றிருப்பாய், இதே மாதிரி கையை ஓங்கிவிட்டு.

நாளைக்கு ரயில். உன் பையைத்தான் எடுத்துப் போகிறேன். உன் குங்குமத்தை அதே செம்பு இழையால் மறுபடி கட்டிவிட்டேன். இப்போது உன் டப்பாவில் இரண்டு பொட்டலம் இருக்கிறது.