மச்சான் ஆசைப்பட்ட வண்டி

என் பிரியமான மச்சானுக்கு,

வண்டி வந்துவிட்டது. முதலில் உங்களிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். ஊர் முழுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டு, கடைசியில் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஏன் இத்தனை தாமதம் என்று கேட்பீர்கள். எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன்.

நீங்கள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த அதே மாதிரி வண்டிதான். மதுரையில் ஒரு பணக்கார வீட்டில் ஓடிய பழைய பிக்கப். முன்னால் கார் போலவே இரண்டு கதவு, ஏற்றி இறக்கும் கண்ணாடி, ஸ்பிரிங் வைத்த மெத்தை சீட்டு. பின்னால் திறந்த தகரத் தொட்டி, அதற்குச் சங்கிலி போட்ட பலகை. மங்கிப்போன பச்சை நிறம். காலையில் கைப்பிடி போட்டு நாலு சுற்றுச் சுற்றினால்தான் உயிர் வரும். உயிர் வந்துவிட்டால் அப்புறம் அது பாட்டுக்குப் போகும்.

பட்டாளத்தில் டிரைவராக இருந்துவிட்டு, சண்டை முடிந்து ஊர் திரும்பிய நாள் முதல் உங்களுக்கு இதே பேச்சுதானே? அங்கே ஏதோ ஒரு துரை வைத்திருந்தாராம் இப்படி ஒரு வண்டி. களத்தில் மிளகாய் வத்தலைக் கிளறிக்கொண்டே சொல்வீர்கள்.

"மாப்ள, கார் டாக்டருக்கு. லாரி யாவாரிக்கு. நம்மள மாதிரி சம்சாரிக்கு ரெண்டும் தோதுப்படாது. முன்னால ரெண்டு பேரு கார்ல உக்காந்தாப்புல மெத்துன்னு உக்காரணும். பின்னால வத்தல் மூட்டை ஏறணும். அந்த மாதிரி வண்டி ஒண்ணு வாங்குவேன் பாரு. உங்க அக்கா எம்பக்கத்துல உக்காந்து ராம்நாட்டுக்கு வருவா."

அக்கா விடமாட்டாள். "மொதல்ல இருக்கிற மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க" என்பாள். நீங்களும் சிரித்துக்கொண்டே வாளியை எடுப்பீர்கள். பட்டாளத்தான் பகல் கனவு காண்கிறான் என்று ஊரே கேலி செய்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அந்தப் பாழாய்ப்போன காமாலை வந்து உங்களைக் கொண்டுபோன பிறகுதான் அந்தக் கனவு என்னைப் பிடித்துக்கொண்டது. உங்களுக்காகத்தான் வாங்குகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைதான் என்று இப்போதும் நம்ப ஆசைப்படுகிறேன்.

நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை மச்சான். இதைப் போலக் குடும்பத்துக்கு ஏற்ற வண்டி வேறு கிடையாது. பெரியபட்டினத்தில் ஏற்றிய மீன் வாடை மாறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறது. கலப்பைக்குக் கொழு அடிக்க வேண்டுமா, கொல்லன் பட்டறைக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய் அன்றைக்கே திரும்பலாம். கீழத் தெருவில் ஒரு பிள்ளைத்தாச்சிக்கு வலி எடுத்தபோது முன் சீட்டில் சாய்த்து உட்கார வைத்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மாட்டு வண்டியில் போயிருந்தால் வழியிலேயே பெற்றிருப்பாள். உச்சிப்புளியில் சினிமாக் கொட்டகை போட்டபோது எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் பின்னால் ஏறிக்கொண்டு, வாய்க்கு வந்த பாட்டெல்லாம் பாடிக்கொண்டு வந்தார்கள். வள்ளியை நீங்கள் பார்க்க வேண்டுமே! முன் சீட்டில் உட்கார்ந்தால் உங்கள் தங்கச்சிக்குக் கழுத்து தானாக நிமிர்ந்துவிடுகிறது. வழியில் யாரையாவது பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுகிறாள். பேசினால் கௌரவம் குறைந்துவிடுமாம்.

இவ்வளவு சொகுசையும் சொல்லிவிட்டேன். இனிமேல் சொல்லப்போவது வேறு.

வண்டிக்குப் பூஜை போட்ட காலை. சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. முதல் ஓட்டம் அய்யனார் கோயிலுக்கு. நேர் வழி எது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டு வாசல் வழிதான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்த நேரத்தில் பெரியப்பா கிட்டே வந்து ஜன்னலுக்குள் தலையை விட்டார்.

"ஏலே, நேர போகாத. உங்க அக்கா வெளிய நின்னுக்கிட்டிருந்தா நல்லாருக்காது. புது வண்டி, மொத ஓட்டம். ஊரணியச் சுத்திப் போயிரு."

"சரி பெரியப்பா" என்றேன்.

அவ்வளவுதான் மச்சான். தயங்கினேன், மனசு கேட்கவில்லை, பெரியவர் பேச்சைத் தட்ட முடியவில்லை என்றெல்லாம் எழுதலாம். அப்படி எதுவும் இல்லை. தண்ணீர் கொண்டா என்றால் சரி என்பதுபோலத்தான் சொன்னேன். பக்கத்தில் வள்ளி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். பொட்டு அழிந்த அக்காவின் முகத்தை நேருக்கு நேர் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை. அவள் எதிரே வந்தால் ஆகாது என்று நினைப்பதற்கு மட்டும் எப்படிப் பழகியது?

ஊரணிக் கரையில் முந்தின வாரம் மழை பெய்த ஈரம். மேலே காய்ந்து கிடந்தது, உள்ளே களிமண். பாதி தூரம் போவதற்குள் பின் சக்கரம் இரண்டும் இறங்கிவிட்டது. கியரை மாற்றி மாற்றி ஆக்சிலேட்டரை மிதித்ததில் மாலை போட்ட வண்டி மூக்கு முட்டச் சேறு பூசிக்கொண்டது. ஆண்கள் எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளினார்கள். அசையவில்லை. மாடு கட்டி இழுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மழை ஈரத்தில் கோடை உழவு, ஊர் மாடெல்லாம் வயலில்.

அப்போது கரை மேலே முனியாண்டி வந்தான். உங்கள் வீட்டில் வேலை பார்க்கிற அதே முனியாண்டி. கையில் வடக்கயிறு, பின்னால் உங்கள் ஜோடி மாடு.

"அம்மா பத்திட்டுப் போகச் சொன்னாக. வண்டி எறங்கிப்போச்சுன்னு கேள்விப்பட்டாகளாம்" என்றான்.

"அவ வரலைல?" என்று கேட்டார் பெரியப்பா.

"இல்லங்கய்யா. அவுக வரல."

உங்கள் மாடுகள்தான் மச்சான் எங்களைக் கரையேற்றின. இழுக்கும்போது இடத்து மாடு வழுக்கி முன்னங்காலை மடித்து விழுந்து, மறுபடி எழுந்து இழுத்தது. வண்டி மேலே வந்ததும் பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு "நல்ல மாடு" என்றார். கோயிலில் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

மறுநாளே அந்த மாடு நொண்ட ஆரம்பித்துவிட்டது. கால் பிசகியிருக்கிறது, பாரம் இழுக்க ஆகாது என்று வைத்தியம் பார்ப்பவர் சொல்லிவிட்டார். அக்காவின் வத்தல் மூட்டைகள் கட்டித் தயாராகக் கிடந்தன. மேகம் வேறு மூடிக்கொண்டு வந்தது. ஒரு மழை பட்டால் போதும், வத்தல் கறுத்துப்போகும், கமிஷன் கடையில் கையால் தொடமாட்டார்கள். வருஷம் பூராவும் அக்கா சாப்பிடுவது அந்த மூட்டைகளில்தான் இருக்கிறது.

போனேன். நடந்துதான் போனேன். வண்டியை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் தைரியம் வரவில்லை. அக்கா மாட்டின் காலுக்குப் பத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் "வா தம்பி, சாப்பிட்டியா?" என்றாள். வழக்கமாகக் கேட்கிற அதே குரல். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அவளே சொன்னாள். "நீ எதுக்குத் தம்பி ஊரணியச் சுத்திப் போன? நான்தான் விடியவுமே கதவச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்துட்டேனே. ஒனக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு. நேராவே போயிருக்கலாம்ல."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது மச்சான். அவளுடைய வாசலை நான் தாண்டக் கூடாது என்று நினைத்தேன். அவளோ எனக்காகத் தன் வாசலையே சாத்தி வைத்திருந்தாள். நீங்கள் அவளுக்காக ஆசைப்பட்ட வண்டி அது. கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதன் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருப்பாள். அந்தச் சத்தத்தைக்கூட நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

"மூட்டைய வண்டியில ஏத்துவோம்க்கா. நீயும் வா. முன்னால உக்காந்து வா" என்றேன்.

"மூட்டைய ஏத்து. நான் பின்னால ஏறிக்கிறேன்" என்றாள்.

அன்றைக்கு வள்ளி வேண்டுமென்றே வீட்டில் தங்கிவிட்டாள். "மதினிக்கு எடம் வேணும்ல" என்றாள். ஆனால் அக்கா அசைந்து கொடுக்கவில்லை. மூட்டைகளின் மேல் ஏறி, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ராமநாதபுரம் போய்ச் சேரும்வரை எனக்குப் பக்கத்தில் மெத்தை சீட்டு காலியாக வந்தது. பின்னால் வத்தல் நெடியில் அக்கா தும்முவது கேட்டுக்கொண்டே இருந்தது. வழியில் தெரிந்தவர்கள் கை காட்டினார்கள். அந்த இடத்தில் இன்னொருவரை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை, பார்க்காததுபோல ஓட்டிக்கொண்டு போனேன்.

சரக்கு நல்ல விலைக்குப் போயிற்று. திரும்பும்போது உச்சி வெயில். மூட்டை இல்லாத தகரம் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. அக்கா அதன் மேல் நின்றுகொண்டு ஒரு காலை எடுத்து ஒரு காலை வைத்தாள். ராமநாதபுரம் தாண்டி, உடைமுள் மரங்களைத் தவிர வேறு எதுவும் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினேன்.

"அக்கா, முன்னால வா. இங்கன யாரு இருக்கா பாக்குறதுக்கு?"

என்ன பேச்சு பாருங்கள். யாரும் இல்லாத இடத்தில்தான் எனக்கு வாய் வந்தது. அக்கா ரோட்டை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு வந்து ஏறினாள்.

முதலில் நுனியில்தான் உட்கார்ந்தாள். பிறகு உள்ளங்கையால் மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். கொஞ்சம் பின்னால் சாய்ந்தாள். கண்ணாடியை ஏற்ற இறக்கக் காட்டிக் கொடுத்தேன். இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். காற்று முகத்தில் அடித்ததும் சிரித்துவிட்டாள். உங்கள் காலத்துக்குப் பிறகு அக்கா பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அவுக சொன்னப்ப நான் நம்பல தம்பி. கார்ல உக்காந்தாப்புல இருக்கும்னாக. அப்புடியேதான் இருக்கு" என்றாள். சற்று நேரம் கழித்து, "ரொம்ப வேகமாப் போகாத. சீக்கிரம் ஊர் வந்துரும்" என்றாள்.

மெதுவாகத்தான் ஓட்டினேன். இருந்தாலும் ஊர் வந்துவிட்டது. எல்லையில் பனங்கூட்டம் தெரிந்ததும் அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு கதவில் கை வைத்தாள்.

"நிறுத்து தம்பி. நான் எறங்கி நடந்து வாரேன்."

"எதுக்குக்கா? வீட்டு வாசல்ல விடுறேன்."

"ஒம் மக கல்யாணப் பேச்சு நடக்குது. என்னைய முன்னால வச்சு ஊருக்குள்ள கொண்டாந்தா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. வேணாம். நிறுத்து."

நிறுத்தினேன் மச்சான்.

இதை எழுதத்தான் இத்தனை நாளாகக் கை வராமல் இருந்தது. முதல் நாள் பெரியப்பா சொன்னார் என்று ஒரு சாக்கு இருந்தது. இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. அக்காவே சொன்னாள் என்று தப்பித்துக்கொள்ளலாமா? அவள் சொல்வாள், அவளுக்கு என் மேல் அவ்வளவு உயிர். பிரேக்கை மிதித்த கால் என் கால்தானே? இறங்கியவள் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, வெறுங்காலோடு அந்த மணலில் நடக்க ஆரம்பித்தாள். நான் அவளைத் தாண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன். பக்கக் கண்ணாடியில்கூட அவளைப் பார்க்கவில்லை.

வள்ளி வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். காலி சீட்டைப் பார்த்தாள்.

"மதினி எங்க?"

"நடந்து வாரா."

"இந்த வெயில்லயா?" என்றாள். நான் வண்டியை விட்டு இறங்காமல் நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பாக்கி வத்தல் இன்னும் களத்தில் காய்கிறது. அடுத்த சந்தைக்கு அதையும் ஏற்ற வேண்டும். போகும்போதும் வரும்போதும் அக்கா முன்னால்தான் உட்காருவாள். பனங்கூட்டம் வந்ததும் நிறுத்து என்பாள். கெஞ்சுவாள், என் மகளின் பேரைச் சொல்வாள், அழுதாலும் அழுவாள். நான் நிறுத்தப்போவதில்லை. பட்டப் பகலில், நடுத் தெரு வழியாக, பெரியப்பா பார்க்கப் பார்க்க, அக்காவின் வாசலில்தான் பிரேக்கில் கால் வைப்பேன். பெண் பார்க்க வருகிறவர்கள் அதைக் கேள்விப்பட்டு வராமல் போனால் போகட்டும். போகட்டும் என்று எழுதும்போது பெண்ணைப் பெற்றவனுக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பயந்தாலும் நிறுத்த மாட்டேன் மச்சான்.

அக்காவை நடக்கவிட்டு வந்த,
உங்கள் மாப்ள