அறுந்த பிரேக் குழாய்

தங்கச்சி,

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

மாப்பிள்ளை காலையில் பிக்கப் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். "மச்சான், பிரேக்க மிதிச்சா சும்மா உள்ள போகுது. செத்துப் பொழைச்சேன்" என்றார். முன்சக்கரத்து பிரேக் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். பழைய ரப்பர் என்றால் வெடித்து வெடித்துக் கிழிந்திருக்கும். இது கத்தி வைத்ததுபோல் நேராக அறுந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. புதுக்குழாய் மாட்டிவிட்டேன்.

நீ உட்காரும் பக்கம் முன்கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. விரிசலில் நீள முடி சிக்கியிருந்தது. என்ன இது என்று கேட்டேன். சிரித்தார்.

"உன் தங்கச்சிக்கு மண்டை கெட்டி மச்சான். கண்ணாடிதான் போச்சு."

ஜாக்கிக் கம்பி என் கையில்தான் இருந்தது.

அவன் உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் கேட்டால் ஜாக்கி நழுவியது என்றுதான் சொல்வான். வேறு மாதிரி சொன்னால் இடது கையும் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு வண்டியையும் அனுப்புகிறேன். துணிமணியை அள்ளிப் போட்டுக்கொண்டு, பாப்பாவோடு நீயே ஓட்டி வந்துவிடு. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். கத்தியோடு வண்டிக்கு அடியில் படுத்தாயே, தினமும் பாப்பா பள்ளிக்கூடம் போவதும் அதே வண்டியில்தான் என்று உனக்குத் தோன்றவே இல்லையாடி?

உன் அண்ணன்