டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு

ஜனவரி 6, செவ்வாய்

இவருக்கு வலது கண்ணும் மங்கிவிட்டது, இனி வண்டி ஓட்டவே கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து ஸ்டியரிங் இவர் கையில்தான். இன்று நான் ஓட்டி வந்தேன். "கியரைக் குறை... லாரி வர்ற சத்தம் கேக்குது பாரு..." வழியெல்லாம் லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரி மாதிரி. பாவம்.

ஜனவரி 11, ஞாயிறு

காலையில் கிளப்பியதுமே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. டயரில் காற்று குறைவாம். எந்த டயர்? அதைச் சொல்லாது! பதறிப்போய் இவரைக் கூப்பிட்டேன். நாலு சக்கரத்திலும் காற்று அளக்கும் கேஜை வைத்து, என்னை அளவு படிக்கச் சொன்னார். நாலிலும் கொஞ்சம்தான் குறைவு.

"குளிருக்குக் காத்து சுருங்கும். கொஞ்ச தூரம் ஓடினா தானா அணைஞ்சிடும். இதுக்குப் போய் பயப்படுவாங்களா?"

அணைந்தது. எத்தனை நாள் கழித்து இவர் முகத்தில் சிரிப்பு! இன்னும் நாலு தடவை எரியட்டுமே என்றிருந்தது எனக்கு.

ஜனவரி 14, புதன்

மறுபடி எரிந்தது, மறுபடி அணைந்தது. புலி வருது கதைதான்.

ஜனவரி 24, சனி

பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. மருமகன் வெளியூரில். பின் சீட்டில் அவள், என் பக்கத்தில் இவர். பெரிய பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்த விளக்கு. இவரிடம் சொன்னேன்.

"குளிருதான். நீ போ."

பின்னால் "அம்மா... அம்மா..." என்று அவள். நிறுத்தினால் நேரம் போகும். நிறுத்தாவிட்டால்? பாலத்தில் ஒதுங்க இடமே கிடையாது. கடவுளே — பெட்ரோல் பங்குக்குள் திருப்பிவிட்டேன்.

"என் பேச்சைக் கேக்கவே மாட்டியா?"

"கேட்டதாலதாங்க நிறுத்தினேன். ஓடினா அணையும்னீங்க. இவ்ளோ தூரம் ஓடின பிறகுதானே இப்ப எரியுது?"

பின்பக்க இடது டயர் பாதி உட்கார்ந்துவிட்டது. ஆணி. காற்று அடித்த ஆள், "பிடுங்காதீங்க. மெதுவாப் போனா ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கும்" என்றார்.

தாங்கியது.

பேத்தி! தாயும் சேயும் நலம்.

ஜனவரி 26, திங்கள்

பஞ்சர் கடை. டிக்கியில் கிடந்த ஸ்டெப்னி டயரில் காற்றே இல்லை. அதில் காற்றைப் பார்க்கும் சென்சார் கிடையாதாம், விளக்குக்கு எப்படித் தெரியும்? மற்ற டயர்களில் இருக்கும் சென்சார்களையும், உள்ளே பேட்டரி தீர்ந்தால் மாற்ற வேண்டுமாம். "விளக்கு இருக்குன்னு காத்து பாக்குறதை விட்டுடாதீங்க" என்றார் கடைக்காரர். எல்லாம் சரிதான். ஆனாலும் அன்று அந்த ஆணியை என் கண்ணா கண்டது?

திரும்பும்போது இவர், "நான் சொன்ன மாதிரி நீ போயிருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்க விடவில்லை நான்.

"விடுங்க. முதல் தடவை எனக்கும் குளிர்னுதானே தோணுச்சு" என்றேன். அப்படித் தோன்றவில்லை. பொய்யாக இருந்தால் என்ன?

பிப்ரவரி 8, ஞாயிறு

குழந்தையை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தோம். இவருக்காக முன் கதவைத் திறந்தேன். இவர் தடவித் தடவிப் பின்னால் போய், மகள் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். கியர், லாரி — ஒரு பேச்சில்லை.

பாலம் ஏறியதும் கேட்டேன். "ஏங்க, எங்க வந்திருக்கோம்னு தெரியுதா?"

"நீதானே ஓட்டுற, எனக்கெதுக்கு அதெல்லாம்?" என்றார். பிறகு மெதுவாக, "இவ்ளோ கிட்ட வெச்சுக்கிட்டா இவ மூஞ்சி எனக்கு நல்லாவே தெரியுது."