இரண்டு மலைக்கு நேர்ந்த முடி

என் பஸ்கார அப்பாவுக்கு,

பசியாறிட்டீங்களா? செத்தவரிடம் கேட்கிற கேள்வியா இது என்று நீங்கள் முறைப்பது எனக்குத் தெரிகிறது. நன்றாக முறையுங்கள். இன்றைக்கு உங்களோடு சண்டை போடத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாளைக் காலை கதிருக்கு மொட்டை. நம்ம ஈப்போ கல்லுமலை முருகனுக்கு நீங்கள் நேர்ந்துகொண்ட அதே மொட்டைதான். உங்கள் தலைத்திவசம் போன வாரம் முடிந்தது. வருஷம் திரும்பாமல் கோயிலில் எந்த நேர்த்தியும் செலுத்தக் கூடாது என்று பெரியப்பா ஒற்றைக் காலில் நின்றார், அதனால் இத்தனை நாள் காத்திருந்தோம். உங்கள் பேரனுக்கு இப்போது ஒன்றேகால் வயசு. முடி பிடரியை மூடிவிட்டது. பாசாரில் காய் வாங்கப் போனால் பார்க்கிறவர்கள் எல்லாம் "பொம்பளப் புள்ளையா?" என்று கேட்கிறார்கள்.

நீங்கள் போய் நேர்ந்துகொண்டீர்கள் என்றால் யாராவது நம்புவார்களா? சுங்கை சிப்புட் பக்கம் நீங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தை விற்றபோது லயத்து வீடுகளோடு சேர்த்து மாரியம்மன் கோயிலையும் இடித்தார்கள். "அவ வீட்டையே அவளால காப்பாத்திக்க முடியல, நம்மள எங்க காப்பாத்தப் போறா" என்று சொல்லிவிட்டு அன்றோடு கை கூப்புவதை நிறுத்தினவர் நீங்கள். முப்பது வருஷம் சித்தியவான் போகிற பஸ் ஓட்டினீர்கள். மற்ற டிரைவர்கள் ஆளுக்கு ஒரு சாமி படம் வைத்திருப்பார்கள். உங்கள் பஸ்ஸில் ஒரு விபூதிப் பொட்டலம்கூடக் கிடையாது.

கதிர் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான், உங்கள் கை நீளம்கூட இல்லை. ஏழாம் நாள் நீங்கள் யாரிடமும் சொல்லாமல் எங்கேயோ போய், நெற்றி நிறைய திருநீறோடு திரும்பி வந்தீர்கள். அப்பாவே சாமியிடம் போய்விட்டார் என்றால் டாக்டர் என்ன சொல்லியிருப்பார் என்று பயந்தேன்.

"சொல்லிட்டேன்லா," என்றீர்கள்.

"என்னா சொன்னீங்க? யார்கிட்ட?"

"பொழைச்சு வந்தா மொத முடி முழுசா அவனுக்கு. இனிமே அவன் பாடு."

பிள்ளை பிழைத்து வந்தான். ஒரு மாதம் உங்கள் மார்மேல் தூங்கினான். பிறகு ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்த நீங்கள் மறுபடி எழுந்திருக்கவில்லை.

உங்களிடம் சொல்லாமல் மறைத்த சங்கதி ஒன்று இருக்கிறது அப்பா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இந்த முடி நாளை வரைக்கும் தலையில் இருப்பதே பெரிய காரியம். மூன்று மாதத்துக்கு முன்னால் அது போயிருக்க வேண்டியது.

உங்கள் மருமகன் எல்மரின் அம்மாவுக்கு நெஞ்சில் ஒரு கட்டி. ஆபரேஷனுக்கு முன்னால் பேரனை ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். எப்படி முடியாது என்பது? கப்பலில் எல்மர் சமையல்கட்டிலும் நான் துணி வெளுக்கிற இடத்திலும் வேலை பார்த்த காலத்திலிருந்தே, "எங்க ஊருக்கு வா, எங்க மலைய பாரு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் கல்யாணத்துக்குக் கோபித்துக்கொண்டு நீங்கள் அவரோடு பேசாமல் இருந்த ஆறு மாதமும் அவரை 'மலைக்காரன்' என்றுதானே சொல்வீர்கள்? போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான். பெரு நாட்டில், கூஸ்கோ என்கிற ஊருக்கும் மேலே பஸ்ஸில் நாலு மணி நேரம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம். அந்த டிரைவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் சோளம் தின்றான். நீங்கள் பார்த்திருந்தால் காது கூசத் திட்டியிருப்பீர்கள்.

என் மாமியார் பெயர் இலாரியா. ஐம்பத்தெட்டு வயசு. தலையில் தொப்பி, முதுகில் இரட்டைச் சடை. உருளைக்கிழங்கு மொத்த வியாபாரம் செய்கிறார். அவரே பிக்கப் லோரி ஓட்டிக்கொண்டு வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். சிரிக்கவே இல்லை. பிள்ளையை வாங்கி முகர்ந்து பார்த்தார், என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார், வண்டியை எடுத்தார்.

முதல் இரண்டு நாள் எனக்குத் தலை வெடித்தது. பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கியது. ஏதோ இலையை வெந்நீரில் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அடுப்படியில் கினிப்பன்றிகள் ஓடின, கதிர் அவற்றின் பின்னால் தவழ்ந்து விளையாடினான். மறுநாள் அதில் ஒன்று என் தட்டில் பல்லைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. என்ன செய்வது? சாப்பிட்டேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு பனிமலை. எதைக் குடித்தாலும் முதலில் அந்த மலையைப் பார்த்துத் தரையில் கொஞ்சம் ஊற்றுவார்கள். அதை 'அப்பு' என்று கூப்பிடுகிறார்கள். ஐயா என்கிற மாதிரியாம்.

மூன்றாம் நாள் காலை எல்மர் டயர் மாற்றப் போயிருந்தார். நான் துணி உலர்த்திவிட்டுத் திரும்பினேன். மாமியார் கதிரை மடியில் வைத்து, அவன் முடியைச் சின்னச் சின்னக் கொத்தாகப் பிரித்துக் கலர் ரிப்பனால் கட்டிக்கொண்டிருந்தார். அழகாக இருந்தது. பிறகு கத்தரிக்கோலை எடுத்து அவன் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

ஸ்பானிஷ் பாஷையில் 'சீ' என்றால் ஆமாம். கப்பலில் மூன்று வருஷம் கேட்ட சொல், எனக்குத் தெரியாததா? ஆனால் பதறிப்போனால் வாயில் நம்ம பாஷைதானே வருகிறது! "ஐயையோ, சீச்சீ! சீ! சீ!" என்று கத்திவிட்டேன். மாமியார் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அவர் சிரித்து முதல்முதலாகப் பார்த்தேன். பாவி, நானும் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தேன்.

சாயங்காலம் ஒரு ஆட்டைப் பிடித்து வந்து கட்டினார்கள். எல்மர் வந்து கேட்டார், ஈப்போவில் கற்றுக்கொண்ட தமிழில்: "வாணி, நீ சரி சொல்லிட்டியாமே? அம்மா ஞாயித்துக்கிழமைன்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு. ஞானத்தகப்பனுக்கும் சொல்லியாச்சு."

அந்த ஊரிலும் பிள்ளையின் முதல் முடி சும்மா வெட்டுகிற முடி இல்லை அப்பா. பிள்ளைக்கு இன்னொரு அப்பா மாதிரி அவர்கள் வைக்கிற ஞானத்தகப்பன் வந்து முதல் கொத்தை வெட்ட வேண்டும், பிறகு சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக. அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது. நம்ம ஊர் மாதிரியேதான். அதுதான் எனக்கு வந்த வினை.

"எங்கப்பா நேர்ந்தது உங்களுக்குத் தெரியும்ல? ஏன் வாய தொறக்கல?"

"நீ சரி சொன்னேன்னுதான் அம்மா சொன்னாங்க. நான் சந்தோசப்பட்டேன். முடிதானே வாணி, திரும்ப வளரும்லா."

அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கவே கூடாது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை உங்கள் தலை குனிந்தது, அதுவும் என் பிள்ளைக்காக. அது முடிதானா? இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பையை எடுத்தேன். மறுநாள் முதல் பஸ்ஸில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூஸ்கோ போய்விடுவது என்று முடிவு. மூன்று பாஸ்போர்ட்டில் இரண்டை உருவிப் பைக்குள் வைத்தேன். நிமிர்ந்தால் வாசலில் மாமியார் நிற்கிறார்.

அவர் கத்தவில்லை. எல்மரைக் கூப்பிட்டு, என் பக்கம் கையைக் காட்டி, கேள் என்றார். நானும் சொன்னேன். கண்ணாடிப் பெட்டியைச் சொன்னேன், திருநீற்றைச் சொன்னேன், நீங்கள் செத்துப்போனதைச் சொன்னேன். போனில் உங்கள் படத்தையும் காட்டினேன், டிரைவர் சட்டையோடு நிற்பீர்களே, அந்தப் படம். அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"எந்த நாள் நேர்ந்தாருன்னு கேக்கறாங்க," என்றார் எல்மர்.

"ஏழாம் நாளு."

மாமியார் ஒரு விரலைக் காட்டினார். எல்மரின் முகம் மாறிவிட்டது. அதைத் தமிழில் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது. பிள்ளை பிறந்த அன்றைக்கே, போனில் சேதி கேட்டதும், அந்த அம்மா பனிமலை அடிவாரத்துக்குப் போய், பிழைத்தால் முதல் முடி உனக்கு என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். இத்தனை நாள் மகனிடம்கூடச் சொல்லவில்லை.

அப்பா, எனக்கு வந்த கோபம்! உங்கள் இரண்டு பேர் மேலும்தான். ஒருவர் சேவல் நேர்ந்துகொள்ளக் கூடாதா, ஒருவர் பால்குடம் நேர்ந்துகொள்ளக் கூடாதா? உலகத்தின் இந்த மூலையிலும் அந்த மூலையிலும் உட்கார்ந்துகொண்டு ஒரே முடியை இரண்டு மலைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். நியாயம் பார்த்தால் அவர் உங்களுக்கு ஆறு நாள் முந்தி.

மாமியார்தான் வழி சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு எல்மர் சொன்னார்: "அம்மா சொல்றாங்க, நான் உசிரோட இருக்கேன்லா. நான் போயி மலைகிட்ட தவணை கேட்டுக்குவேன். ஒங்கப்பா எங்க போயி கேப்பாரு?"

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தார்கள். ஞானத்தகப்பன் நாலு மணி நேரம் நடந்து வந்திருந்தார். மாமியார் எழுந்து நின்று அவர்கள் பாஷையில் முடி வெட்டு இப்போது இல்லை என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். ஞானத்தகப்பன் தட்டைத் தொடவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு வந்த வழியே நடந்தார். என் நாத்தனார் அழுதுகொண்டே என்னைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். எல்மர் மொழிபெயர்க்க மாட்டேன் என்றார். நான் விடவில்லை. ஆபரேஷன் கத்தி வைக்கப் போகிற நேரத்தில் மலையிடம் கொடுத்த வாக்கை உடைக்க வைத்தாயே, அம்மாவுக்கு ஏதாவது ஆனால் நீதான் காரணம் என்றாளாம்.

மாமியார் மலைக்குப் படைக்க, வெந்நீரில் போடுகிற அந்த இலையில் ஒரு பை எடுத்துக்கொண்டு, தனியாக பிக்கப்பை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போனார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். பொழுது சாயத்தான் திரும்பினார்.

"கேட்டீங்களா அத்தை? என்னா சொல்லிச்சு?" என்று எல்மரை விட்டுக் கேட்டேன்.

"மலை பேசாது. கோவம் வந்தா தெரியும்," என்றார்.

நாங்கள் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். தள்ளித் தள்ளிப் போன ஆபரேஷன் அவருக்கு இந்த வியாழக்கிழமை. நாளைக்குச் செவ்வாய். எல்மர் என்னை ஒரு குறை சொல்லவில்லை, குவாரி பட்டறைக்குப் போகிறார், வருகிறார், போனை மட்டும் கீழே வைப்பதில்லை. பயமாக இருக்கிறது அப்பா. அந்த அம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால், தன் பிள்ளையின் மொட்டைத் தலையை இந்த மனுஷன் எப்படிப் பார்ப்பார்? நான் எப்படிப் பார்ப்பேன்?

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நாளைக்கு மொட்டை போடுகிறவரிடம் பின்னந்தலையில் ஒரு குடுமி விட்டுவிடச் சொல்லப் போகிறேன். அது அத்தையின் பங்கு. வெட்டி, பொட்டலம் கட்டி அனுப்பப் போவதில்லை. தலையிலேயே இருக்கட்டும். அவர் கையால்தான் அதை வெட்ட வேண்டும், அவர் மலையைப் பார்த்துக்கொண்டு.

பெரியப்பாவிடம் சொன்னேன், குதித்தார். "முழுசா தரேன்னு ஒங்கப்பன் சொன்ன வாக்குல நீ மிச்சம் பிடிப்பியா? சாமிகிட்ட வெளையாடாதேலா!" நான் விளையாடவில்லை அப்பா. 'முழுசா' என்றுதான் சொன்னீர்கள், எனக்கும் காது இருக்கிறது. முழுசாகத் தர மாட்டேன். அந்த அம்மா உங்களுக்காகத் தன் மலையிடம் போய் நின்றார். நீங்கள் அவருக்காக முருகனிடம் கொஞ்சம் நிற்க மாட்டீர்களா?

இன்று காலை ஒன்பது மணிக்கு எல்மர் அம்மாவுக்கு வீடியோ போன் போட்டார். அங்கே முந்தின நாள் இரவு. அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தார், முகம் இளைத்துவிட்டது. நான் கதிரைத் திருப்பி உட்கார வைத்து, பின்னந்தலையில் ஒரு பிடி முடியைப் பிடித்துக் காட்டினேன். எல்மர் விஷயத்தைச் சொன்னார். அவர் போனுக்கு அருகில் குனிந்து அந்த முடியைப் பார்த்தார். பிறகு ஒன்று சொன்னார். எல்மர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னா சொல்றாங்க?"

"அப்ப நான் சாகக் கூடாதான்னு கேக்கறாங்க."

"கூடாதுன்னு சொல்லுங்க," என்றேன்.

அப்பா, வாக்குக் கொடுக்கிறேன். அவர் விரல் படாமல் அந்தக் குடுமி இறங்காது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்கிற வயசு வந்தாலும் சரி, அவனை அந்த வாசலில் கொண்டுபோய் உட்கார வைப்பேன். வியாழக்கிழமை மட்டும் நல்லபடியாகப் போகட்டும்.

உங்கள் வாயாடி மகள்,
இலாரியாவின் மருமகள்,
வாணி